இடது பக்கத்து ஸ்பீக்கர்

தெருமுனையிலேயே ரேடியோ கேட்டது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். சித்திரை வெயில். மத்தலாங்குளத் தெருவில் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. நிலக்கடலையில் வரும் சுருள் பூச்சிக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் நாலு வீடு தள்ளியே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முன்னறையில் என் கணவர் ஏழுமலை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பெஞ்சின் மேல் அந்த ஸ்டீரியோ ரிசீவர். வெள்ளி நிற முகப்பு, இரண்டு ஓரத்திலும் மரப்பலகை, எண்களுக்குப் பின்னால் வெளிர்நீல வெளிச்சம். அதற்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக ப்ளைவுட் பெட்டிக்குள் ஸ்பீக்கர்கள். கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

அறையில் கருகல் வாசனை. வார்னிஷும் காகிதமும் சேர்ந்து தீய்ந்த மாதிரி.

சமையலறைக்குப் போக இடது பக்கப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது நின்றுவிட்டேன். அந்தப் பெட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. பூச்சி மருந்துக்காரர் முழுக்க வலது பக்கத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்தப் பக்கம் பாடலையே."

கண்ணைத் திறந்தார். "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"பாடுதே. ரெண்டும்தான் பாடுது."

"இல்லைங்க. ஏதோ தீஞ்ச வாசனை வேற அடிக்குது."

"பக்கத்து வீட்டுல எதையோ கொளுத்தறாங்கன்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடித்து வலது பெட்டியின் துணிமேல் வைத்தேன். துணி துடித்துக்கொண்டிருந்தது. அதே கையை எடுத்து இடது பெட்டியின்மேல் வைத்தேன். அது அசையவில்லை.

வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ரிசீவரை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் குழாயடியில் நின்றார்.

இந்தத் தொடரில் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பற்றியும், தீபத் திருவிழா நாட்களில் எங்கள் போர்டு பட்ட பாட்டைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டேன். "உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏன் ஒரு வரிகூட இல்ல?" என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததுதான் காரணம். அந்த மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒற்றைக் காது

நான் டிரங்க் ஆபரேட்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் தலையில் மாட்டியிருக்கும் செட்டில் ஒரு பக்கம்தான் கேட்கும். இன்னொரு காது சூப்பர்வைசர் கூப்பிடுவதைக் கேட்க. ஒரு காதால் கேட்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்.

அந்த ஒரு காதை வைத்துக்கொண்டு லைனில் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்முனையில் யாரும் பேசாவிட்டாலும் ஆள் இருந்தால் ஒரு காற்றோட்டம் இருக்கும். லைன் செத்துப்போனால் அதுவும் இருக்காது. மழைக்காலத்தில் இரண்டும் ஒரே மாதிரி இரையும். அப்போதும் பிரித்துச் சொல்லுவோம்.

நல்ல செய்திகளுக்கு அந்நாட்களில் யாரும் அவசரமாக டிரங்க் கால் போடமாட்டார்கள். அவசரமாக வருவதெல்லாம் சாவுச் செய்திதான். மெட்ராஸிலிருந்து, பெங்களூரிலிருந்து, பம்பாயிலிருந்து. சொல்கிறவர் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லுவார். "கஷ்டப்படல. தூங்கற மாதிரி போயிட்டாரு." அதைக் கேட்டபடியே போர்டில் அடுத்த லைனுக்கு இணைப்பு ஒயரைச் சொருகுவேன்.

ஒரு காதால் மட்டும் கேட்டால் ஆள் எந்தத் திசையில் இருக்கிறார் என்று தெரியாது. குரல் தலைக்குள்ளிருந்தே வருவது போல இருக்கும். இதெல்லாம் தெரிந்த எனக்கே என் வீட்டு முன்னறையில் நடந்தது பல நாள் விளங்கவில்லை.

மடியில் வந்த பெட்டி

எங்கள் கல்யாணம் எழுபதுகளின் கடைசியில். இரண்டு பேருக்கும் கீழ்பென்னாத்தூர் பக்கம்தான் சொந்த ஊர். இரு வீட்டிலும் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும்தான் பிழைப்பு. அவர் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே துபாய்க்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். எழுதும்போதெல்லாம் ஒரு பெயர் வரும். மணி. கேம்ப்பில் ஒரே அறை, சைட்டில் ஒரே வேலை. மணியின் கிராமமும் எங்கள் பக்கம்தான், கீழ்பென்னாத்தூர் தாண்டி வேட்டவலம் போகும் வழியில். மணியைப் பார்த்ததில்லை. ஒரு போட்டோ வந்தது. இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார்கள்.

ஒரு பங்குனி மாதக் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. காலடியில் சூட்கேஸ், மடியில் துணி சுற்றிய பெட்டி. இளைத்துப் போயிருந்தார். கழுத்தில் இடது பக்கம் ஒரு தழும்பு. கேட்டதற்கு, வெல்டிங் பொறி பட்டது என்றார்.

பெட்டியைப் பிரித்து ரிசீவரைப் பெஞ்சின் மேல் வைத்தார். பம்பாயில் ரயில் ஏறியதிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லையாம். வைத்தால் ஆட்டம் தாங்காதாம்.

"நம்மளுதா?" என்றேன்.

"இல்ல. மணியோடது. அவங்க வீட்டுல குடுக்கணும்."

"ஸ்பீக்கர் எங்க?"

"ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர்கிட்ட வாங்கினான். ஸ்பீக்கர் பெட்டி ரெண்டும் ஒரே கனம். அதை நம்ம ஊருலயே வாங்கிக்கலாம்னு விட்டுட்டான்."

"அவர் எப்ப வர்றார்?"

"அவன் வரல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இந்த முறை லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, "வாங்க, இன்னிக்குப் போய்க் குடுத்துட்டு வந்துடலாம்" என்றேன்.

"ஊமைப் பொட்டியைக் கொண்டுபோய் வச்சிட்டு வர்றதா? பாட வச்சிட்டுத்தான் குடுக்கணும்" என்றார்.

எட்டும் நாலும்

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்டுகிற புனல் ஸ்பீக்கர் கிடைக்கும். காரில் வைக்கிற ஸ்பீக்கர் கிடைக்கும். வீட்டு ஸ்டீரியோவுக்கானது கிடைக்காது.

தேரடித் தெருவில் கரீம் பாய் ரேடியோ கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர், வாய் நிறையப் பேச்சு. அவரிடமிருந்த கார் ஸ்பீக்கர்கள் இரண்டையும் என் கணவர் கையில் எடுத்து, முதுகுப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துபாயிலிருந்து கொண்டுவந்த மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பாய், இது நாலு ஓம். மிஷினுக்குப் பின்னால எட்டு ஓமுக்குக் கம்மியா மாட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"நாலு ஓம், எட்டு ஓம். இந்த ஊர்ல ஓமுக்கா பஞ்சம் ஏழுமலை?" என்று பாய் சிரித்தார். "பாடுதான்னு பாரு. நல்லதா மெட்ராஸ்லருந்து வரவழைச்சித் தர்றேன். அது வரிக்கும் இதை மாட்டிக்கோ."

நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே கேட்டேன், நாலுக்கும் எட்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று. கேட்டால் பொறுமையாகச் சொல்லுகிறவர்தான் அவர். இம்பீடன்ஸ் என்ற சொல்லை அன்றுதான் வீட்டில் கேட்டேன். லைன்மேன்கள் எக்ஸ்சேஞ்சில் சொல்லிக் காதில் விழுந்ததுண்டு.

"ஸ்பீக்கர் எவ்ளோ தடுக்குதுங்கிறதுதான் அது. எட்டு ஓம்னா அளவாத் தடுக்கும். நாலு ஓம்னா தடுப்பு கம்மி. கரண்ட்டை ஜாஸ்தி இழுக்கும். மிஷினும் குடுத்துக்கினே இருக்கும். என்னால முடியலன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. உள்ள சூடாகிக்கினே இருக்கும். ஒரு நாள் போயிடும்."

"அப்ப ஏன் மாட்டறீங்க?"

"சத்தம் கம்மியா வச்சாத் தாங்கும்."

அதே பாயிடம் இன்னும் இரண்டு நாலு ஓம் கிடைத்தால், ஒரு பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைத்து எட்டு ஆக்கிவிடலாம் என்றும் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து இணைத்தால் அது இரண்டாகக் குறைந்து இன்னும் மோசமாகிவிடுமாம். பாயின் மெட்ராஸ் சரக்கு வாரக்கணக்கில் வரவில்லை. இவரும் போய்க் கேட்கவில்லை. அவசரப்படுகிற மனுஷர் ஏன் இதில் மட்டும் அவசரப்படவில்லை என்று ஒருமுறை நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முதல் சில நாட்கள் தாழ்வாகத்தான் வைத்தார். அடிக்கடி எழுந்து போய், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல, ரிசீவரின் மேல் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நான் குறைப்பேன். சமையலறைக்குத் திரும்பியதும் ஏறும்.

வேறு சிலவும் இருந்தன. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. சினிமாவுக்குப் போனால் வரிசையில் இடது கோடி இருக்கையைத்தான் தேடுவார். வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கினால் உலுக்கித்தான் எழுப்ப வேண்டும். நாத்தனார் வந்து அரை மணி நேரம் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு, "அண்ணனுக்கு வெளிநாட்டுத் திமிரு வந்துடுச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் அதைவிட மோசமாக நினைத்துக்கொண்டேன். அங்கே யாரையோ பார்த்து மனசு மாறிவிட்டதென்று. கேட்கப் பயமாக இருந்தது.

குழாயடியில்

அந்த மத்தியானத்துக்குத் திரும்புகிறேன்.

கொல்லையில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே மலை வெளுத்துப்போய்த் தெரிந்தது. வேண்டுமென்றே அவருடைய இடது பக்கம் போய் நின்று, மெதுவாக, "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. வலது பக்கம் வந்து அதே குரலில் சொன்னேன். திரும்பினார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"அங்கயே போயிடுச்சு."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். சைட்டில் மெயின் பேனலில் வேலை. கரண்ட்டை நிறுத்தியாகிவிட்டது என்று மேலே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தவில்லை.

"மணி எனக்கு இடது பக்கம் நின்னுகினு இருந்தான். பேனலைத் தொறந்தான். நான் ஸ்பேனர் எடுக்க இந்தப் பக்கம் திரும்பினேன். அவன் என்னமோ சொன்னான். அப்ப வெடிச்சிடுச்சு."

அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கூரைதான்.

"மணி?"

"அங்கயே."

"அவங்க வீட்டுக்குத் தெரியுமா?"

"தந்தி போயிடுச்சு. பாடியும் வந்து எரிச்சிட்டாங்களாம். நான் அப்ப கட்டுப் போட்டுகினு படுத்திருந்தேன். ரூம்ல இருந்த பசங்கதான் இந்த செட்டைக் கட்டி என்கிட்டக் குடுத்தானுங்க, நீதான் அவங்க ஊருக்காரன், கொண்டுபோய்க் குடுன்னு."

தந்தி என்றதும் எனக்கு ஒன்று உறைத்தது. தந்தி ஆபீஸ் எங்கள் கட்டிடத்திலேயே, நான் உட்காரும் போர்டுக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம். கீழ்பென்னாத்தூர் பக்கம் போகிற தந்தியெல்லாம் அங்கே வந்துதான் போகும். மணி செத்த செய்தி என் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று அடிக்கப்பட்டபோது, நான் யாருக்கோ லைன் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"டாக்டர் பாத்துட்டாரு. இந்தக் காது திரும்பாது. மறுபடியும் துபாய் போக முடியாது. மெடிக்கல்ல தள்ளிடுவாங்க."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"உன்கிட்டச் சொல்லிட்டா, அப்புறம் மணி வீட்டுல போய்ச் சொல்லணும்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். வேறு பெண் யாரும் இல்லை என்ற நிம்மதியும் அதில் கலந்திருந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

செங்கம் ரோடு

மறுநாளே ரிசீவரைத் திறந்தார். இடது பக்கத்து டிரான்ஸிஸ்டர்கள் போயிருந்தன. அவை போனபோது ஸ்பீக்கரின் சுருளையும் கருக்கிவிட்டுப் போயிருந்தன. மெட்ராஸுக்கு பஸ் ஏறிப்போய், ரிச்சி தெருவில் அலைந்து புது டிரான்ஸிஸ்டர்கள் வாங்கி வந்தார்; எட்டு ஓம் ஸ்பீக்கர் அங்கேயும் அமையவில்லை. பாய் வந்து வாசலிலேயே நின்றார். "நாந்தானே குடுத்தேன்" என்றார். "நாந்தானே மாட்டினேன் பாய்" என்றார் இவர். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பற்றவைத்தார்கள். ஈயம் உருகும் வாசனை இரண்டு நாள் வீட்டில் இருந்தது.

இனி எட்டு ஓம் கிடைக்காமல் எதையும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

அது கிடைத்தது என் வேலையால். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு வாடகை வீட்டில் ஒரு வெளிநாட்டு அம்மாள் பல வருஷமாக இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து தன் ஊருக்கு கால் பதிவு செய்துவிட்டு, எங்கள் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். லைன் கிடைத்ததும் வாசல் வரை கேட்கும்படி கத்திப் பேசுவார். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. லைனில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். அந்த வருஷம் அவர் வருவது நின்றுபோயிருந்தது.

ஒரு நாள் வந்தார், சொல்லிக்கொண்டு போக. ஊருக்கே திரும்பிப் போகிறாராம். வீட்டுச் சாமானையெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பாட்டுப் பெட்டி ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். மிஷின் எப்போதோ வோல்டேஜில் போய்விட்டது, ஸ்பீக்கர்கள் மட்டும் இருக்கின்றன என்றார்.

சாயங்காலம் இருவரும் போனோம். வராந்தாவில், இரண்டு கறுப்புப் பெட்டிகளின் மேல் பூந்தொட்டிகள் வைத்திருந்தார். இவர் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, பின்பக்கத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். எட்டு என்று தெளிவாக இருந்தது. மற்றதிலும் எட்டு. மீட்டரை வைத்தும் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் என்னிடம் சொன்னார், "என் அம்மாவுக்குக் கடைசியில் காது கேட்கவில்லை. அதனால்தான் அங்கே அப்படிக் கத்தினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்." இனி அந்த நம்பருக்குக் கூப்பிட யாருமில்லை என்றும் சொன்னார். நான் இவருக்குத் தமிழில் சொன்னேன். இவர் நிமிர்ந்து அந்த அம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வீட்டில் இணைத்து, ஒரு பகல் முழுக்கப் பாடவிட்டார். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று நான்தான் சொல்ல வேண்டும். கேட்டது. நடுவில் நின்று கேட்டபோது, பாடுகிறவர் சுவருக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. அப்படி இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

மாலையில் என்னைக் கூப்பிட்டார். "கை வச்சுப் பாரு."

ரிசீவரின் மேல் கை வைத்தேன். இளஞ்சூடுதான்.

"இனிமே சாக்கு இல்ல" என்றார்.

நைனா

ரிசீவரை அவர் மடியிலும், ஸ்பீக்கர்களை டிரைவர் பக்கத்திலும் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனோம். மணியின் அப்பா வீட்டில் இருந்தார். ஓட்டு வீடு. வாசலில் மல்லாட்டைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. மணியின் மனைவி தனம், இருபது வயதுகூட இருக்காது, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யார் என்று சொன்னதும் பெரியவர் பாயை விரித்தார். அழவில்லை. "வாப்பா. உன்னைப் பத்திச் சொல்லிகினே இருப்பான்" என்றார். மணி தன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவானாம். இவரும் அப்படியே கூப்பிட்டார்.

பேச்சு ஓடவில்லை. அதனால் இவர் வேலையைத் தொடங்கினார். சுவரில் பிளக் எங்கே என்று தேடியவர், ஸ்விட்ச் போர்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஒயர்கள் அளவெடுத்த மாதிரி நேராக, ஒரு சுருக்கம் இல்லாமல் போயிருந்தன.

"இது மணி போட்டதா?"

"துபாய் போறதுக்கு முன்னால போட்டுட்டுப் போனான்" என்றாள் தனம். அவள் பேசியது அதுதான் முதல்.

இவர் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிளக்கைச் சொருகினார். ரேடியோவில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பெட்டியிலிருந்தும் வந்து அறையை நிரப்பியது. அந்தச் சின்ன அறைக்கு அது மிகப் பெரிய சத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா" என்றார் கொஞ்ச நேரத்தில்.

நிறுத்தினார்.

"நீ கூடத்தான இருந்த? கடைசியா எதனா சொன்னானா?"

பஸ்ஸில் வரும்போதே இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். போர்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்ட பதிலை இவரும் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். உங்களைத்தான் நினைத்தான் என்று ஒரு வார்த்தை. யாருக்கு என்ன நஷ்டம்.

"சொன்னான் நைனா. என்னமோ சொன்னான். எனக்குக் கேக்கல."

"கேக்கலியா?"

"குரல் வந்தது தெரியும். வார்த்தை தெரியல. அதுக்குள்ள வெடிச்சிடுச்சு. அந்தக் காது அதோட போயிடுச்சு. தெனமும் நெனச்சுப் பாக்கறேன். வர மாட்டேங்குது."

தனம் நிலைப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பெரியவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"பாடியோட வந்தவன், நைனான்னு கத்தினான்னு சொன்னான். அப்புறம் ஒருத்தன் வந்தான், பொண்டாட்டி பேரைச் சொன்னான்னான். கேம்ப்ல இருந்தவன்னு இன்னொருத்தன், தண்ணி கேட்டான்னான். ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போனானுங்க. எதை நெனச்சுகினு அழுவறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

இவர் தலை குனிந்துகொண்டார்.

"பக்கத்துல நின்ன உனக்கே கேக்கலன்னா, யாருக்கும் கேட்டிருக்காது" என்றார் பெரியவர். "அவ்ளோதான். அது போதும்." அதன் பிறகுதான் அழுதார்.

தனம் எழுந்து உலை வைத்தாள். சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர் வெளிநாடு போகவில்லை. திருவண்ணாமலையிலேயே பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையைத் தொடங்கி, கடைசிவரை அதையே செய்தார். தனம் அடுத்த வருஷம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர் அந்த செட்டில் மழைச் செய்தி மட்டும் கேட்பாராம். இவர் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். என்ன பேசினீர்கள் என்றால், "ஒண்ணும் பேசல, உக்காந்திருந்தோம்" என்பார். எண்பதுகள் முடிவதற்குள் பெரியவரும் போய்விட்டார்.

அந்த நாளின் மாலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பெண்கள் வரிசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. நடுவழிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில் இவருக்கு ஒன்று. மடியில் பெட்டி இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

கண்டக்டர் நடுவழியில் வந்து நின்றார். இவருடைய இடது பக்கம்.

"எங்க போவணும்?"

இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், உன்னத்தான். எங்க போவணும்? குடிச்சிருக்கியா?"

நான் எழுந்து நின்று இரண்டு பேருக்கும் டிக்கெட் கேட்டேன். பஸ் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னேன். "அவருக்கு அந்தப் பக்கம் காது கேக்காதுங்க." வெளி ஆட்கள் முன்னால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை.